எரியாத கால்

"இந்த இலைக்குப் பொய் சொல்லத் தெரியாது. பட்டு எரிஞ்சா உள்ளே நோய் இருக்கு. எரியலைன்னா நோய் மூட்டையைக் கட்டிட்டுக் கிளம்பிடுச்சு. இதுக்கு மேல டாக்டர் என்னத்தைக் கண்டுபிடிச்சுடப் போறான்? என் குடும்பத்துல ஒருத்தர் ஆஸ்பத்திரி வாசப்படியை மிதிச்சாங்கன்னு காட்டுங்க, இந்தச் சுத்தியலைக் கீழே போட்டுட்டு மிச்ச காலத்தை வெறுங்காலோட தள்ளிடறேன்."

செந்தட்டியார் இந்தப் பிரகடனத்தைச் செய்தபோது உதட்டில் நாலைந்து பொடி ஆணிகளைக் கவ்விக்கொண்டிருந்தார். ஆகவே வார்த்தைகள் ஆணிகளின் சந்து வழியாக விசிலடித்துக்கொண்டுதான் வெளியே வந்தன. இருந்தாலும் கேட்டுக்கொண்டிருந்த நான்கு பேரும் தலையாட்டினார்கள். மூன்று பேர் நம்பிக்கையால் ஆட்டினார்கள். நான்காமவருடைய ஒற்றைச் செருப்பு இன்னும் செந்தட்டியார் கையில் இருந்தது.

அவர் தொழில் செருப்பு, ஷூ பழுது பார்ப்பது. பை, பெல்ட், ஜிப் எல்லாம் உபதொழில். ஒரு பக்கம் சலூன், இன்னொரு பக்கம் எவனோ பூட்டிவிட்டுப் போன கிடங்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் குறுக்கே கை நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கிற அகலத்தில் கடை. செருப்பைக் கவிழ்த்து மாட்டுகிற இரும்புக் கால் ஒன்று, பசை டப்பா ஒன்று, பெண்களின் அறுந்த வார்கள் ஒரு கூடை நிறைய. இதற்குள் உட்கார்ந்துகொண்டு உலகத்தின் பாதி நோயைத் தீர்த்துவிட முடியும் என்று ஒருவருக்குத் தோன்றினால், அதற்குக் காரணம் வலுவாக இருக்க வேண்டும். இருந்தது.

ஞானம் சிலருக்குத் தலை வழியாக வரும். செந்தட்டியாருக்குப் பின்பக்கம் வழியாக வந்தது. இடுப்பு வலியில் வளைந்து கிடந்த காலத்தில் ஒருநாள், இயற்கையின் அழைப்பை ஏற்றுக் கிடங்கின் பின்னால் ஒதுங்கியவர், ஈரத்தில் வழுக்கி, எந்தத் துணியின் பாதுகாப்பும் இல்லாத நிலையில் ஒரு செந்தட்டிப் புதரின் மேல் உட்கார்ந்துவிட்டார். காஞ்சொறி என்றும் சிலர் சொல்லும் அந்தச் செடியின் சுணை, கண்ணுக்குத் தெரியாத ஊசி. அவர் போட்ட சத்தத்தில் சலூனில் ஒருவருக்கு ஒரு பக்கத்து மீசை காணாமல் போனது. அன்று முழுக்க அவரால் உட்கார முடியவில்லை. மறுநாள் எழுந்து நின்றபோது இடுப்பு வலியைக் காணோம்.

விஷயத்தை அத்தோடு விட்டிருந்தால் அவர் இடுப்பு வலி போன ஒரு மனிதர். ஆனால் அவர் யோசிக்க ஆரம்பித்தார். யோசிப்பதற்குத் தோதான தொழில் அது. கை ஒரு பக்கம் தைத்துக்கொண்டே இருக்கும். யோசனையின் முடிவில் ஒரு சித்தாந்தம் பிறந்தது. எரிச்சல் என்பது இலை போடுகிற சத்தம் அல்ல, உள்ளே மாட்டிக்கொண்ட நோய் போடுகிற கூச்சல். கூச்சல் அடங்கினால் ஆள் வெளியேறிவிட்டான் என்று அர்த்தம்.

"அப்ப நோயே இல்லாதவனுக்கும் எரியுதே, அண்ணே?" என்று சலூன்காரர் கேட்டார்.

"நோயே இல்லாதவன் யாரு, காட்டு பார்ப்போம்."

சலூன்காரர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். காட்ட ஆள் கிடைக்கவில்லை. அன்றைக்கே முதல் சீடரானார்.

செந்தட்டியார் என்ற பட்டத்தைக் கொடுத்ததும் அவர்தான். பட்டம் பெற்றவர் அதற்கேற்ப நடந்துகொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். பூக்கும் முன்னால் கொழுந்தாக இருக்கும் நுனி இலைகளை மட்டும் பறிப்பார். பறிப்பதற்கென்று பழைய பூட்ஸின் தோலை வெட்டி முழங்கை வரை கையுறை தைத்து வைத்திருந்தார். மூட்டு வலிக்குப் பச்சைக் கொத்தால் அடி. அடைத்துக்கொண்டு நிற்கும் சிறுநீருக்கு வெந்நீரில் போட்ட இலைத் தண்ணீர். ரத்தம் குறைந்து வெளுத்த பெண்களுக்கு வேகவைத்துக் கடைந்த இலை. "கொதிதண்ணியில போட்டா போதும், இதோட கோபம் அடங்கிடும், கீரை மாதிரி சாதுவாயிடும்" என்பார். முடி உதிர்ந்தால் அதே தண்ணீரில் தலையை அலச வேண்டும். முடி விஷயத்தில் சலூன்காரருக்கு மட்டும் கொஞ்சம் கொள்கை வேறுபாடு இருந்தது.

சொல்லப்போனால் சிலருக்குக் கேட்கவும் செய்தது. முட்டி வலிக்காரர்கள் அடி வாங்கிக்கொண்டு, தடிப்பு தடிப்பாக வீங்கிய முட்டியோடு துள்ளிக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் வராமலிருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏனென்றால் அவர் மனைவிக்குப் பாதம் எரிய ஆரம்பித்தது.

அந்த அம்மாள் வீட்டின் முன்னறையில் தெருவாருக்குத் துணி தேய்த்துக் கொடுப்பவர். காலையிலிருந்து மேசை முன்னால் நின்றபடியே வேலை. "என்னங்க, ரெண்டு காலும் மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி காந்துது. எறும்பு ஊறுற மாதிரியும் இருக்கு" என்று சொன்னபோது, செந்தட்டியார் கவலைப்படவில்லை. உண்மையைச் சொன்னால் லேசாகச் சந்தோஷம்கூடப் பட்டார். இத்தனை நாள் ஊருக்குச் செய்ததை வீட்டுக்குச் செய்யும் வாய்ப்பு.

தினமும் காலையில் அந்த அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து, பல்லில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு, கால்களை நீட்டுவார். கையுறை மாட்டிய கணவர் பச்சைக் கொத்தால் உள்ளங்காலிலும் புறங்காலிலும் மாறி மாறி அடிப்பார். அம்மாளின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். "கத்தறது நீயில்ல, நோய்" என்று அவர் ஆறுதல் சொல்வார். நோயோ, அந்த அம்மாளின் குரலிலேயே கத்தும்.

இதை ஒருநாள் அம்மாளின் தங்கை வந்து பார்த்தாள். அவள் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை செய்பவள். வாயையும் நன்றாக வெளுத்து வைத்திருந்தாள்.

"ஏன் மாமா, கோபம் இருந்தா நேரா ரெண்டு வார்த்தை திட்டிடலாமே. எதுக்கு இலையெல்லாம்?"

"இது வைத்தியம். உனக்குப் புரியாது."

"அக்காவுக்குத் தண்ணி தாகம் ஜாஸ்தியா இருக்கு, எடை இறங்கியிருக்கு. ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, சுகர் இருக்கான்னு பார்த்துடலாம்."

"சுகர் டீக்கடையில இருக்கு. துணி துவைக்கிறவ வைத்தியம் சொன்னா, அங்க டாக்டருங்க என்ன, துணி துவைக்கிறாங்களா?"

"செருப்பு தைக்கிறவர் சொல்லலாம், துணி துவைக்கிறவ சொல்லக்கூடாதா? நல்ல சட்டம் மாமா."

அக்காள்தான் நடுவில் புகுந்து, "விடுடி. அவருக்கு என் கால் மேல இல்லாத அக்கறையா?" என்றார். அக்கறை இருந்தது. அதுதான் தொல்லை. அக்கறை இல்லாதவராக இருந்தால் அடிக்காமலாவது விட்டிருப்பார்.

மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த அதிசயம் நடந்தது. வழக்கம்போல அடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அம்மாள் துண்டைக் கடிக்கவில்லை. ஜன்னல் வழியாக எதிர்வீட்டில் யார் வந்து இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியலையா?"

"ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று அம்மாள் கேட்டார்.

செந்தட்டியார் கொத்தை மாற்றினார். புதுக் கொத்தால் அடித்தார். மேலே தோல் சிவந்து தடித்தது. அம்மாள் முகத்தில் ஒன்றுமில்லை. காந்தலும் இல்லை, எறும்பும் இல்லை, ஏதோ பஞ்சு மேல் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார். செந்தட்டியார் கையுறையைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. வாழ்க்கையில் ஒருவருடைய சித்தாந்தம் தன் வீட்டு ஸ்டூலிலேயே நிரூபணம் ஆவது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

செய்தி சலூனுக்குப் போனது. சலூனுக்குப் போன செய்திக்குக் கால் வேண்டியதில்லை. முகத்தில் நுரையோடு தப்பிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் சலூன்காரர் சொன்னார்: "அண்ணி காலு முழுக்கக் குணம். எரிச்சல்ங்கிற பேச்சே இல்ல." பாதம் எரிகிறவர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். வயதானவர்கள்தான் அதிகம். செந்தட்டியார் எல்லாருக்கும் செய்முறையைச் சொல்லி, கிடங்கின் பின்பக்கத்தையும் காட்டி அனுப்பினார். கை நீட்டி எதுவும் வாங்கவில்லை. "எரியற வரைக்கும் அடிங்க. எரியறது நின்னா நிறுத்திடுங்க" என்பதுதான் அவர் கொடுத்த ஒரே அறிவுரை. எளிய மொழியில் இருந்ததால் யாரும் மறக்கவில்லை.

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் அம்மாள் தன் வலது செருப்பை நீட்டி, "வார் அறுந்துடுச்சு, சாயங்காலத்துக்குள்ள தெச்சுக் கொடுங்க" என்றார்.

கடையில் உட்கார்ந்து செருப்பை இரும்புக் காலில் கவிழ்த்தபோது அடியில் ஏதோ மினுங்கியது. ஒரு பொடி ஆணி. அவர் உதட்டில் கவ்விக்கொள்ளும் அதே ரகம். சட்டை மடிப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து விழுந்திருக்க வேண்டும். தலை தேய்ந்து வழவழவென்றிருந்தது. புதிதாகக் குத்திய ஆணியின் தலை அப்படியிருக்காது. நாள் கணக்கில் நடந்தால்தான் அப்படித் தேயும். செருப்பைத் திருப்பினார். உள்பக்கம், கட்டைவிரலுக்குக் கீழே, ஆணியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் காபிக் கறை மாதிரி ஒரு வட்டம்.

ஆயிரக்கணக்கான செருப்புகளைப் பார்த்தவர். ஆணி குத்தினால் மனிதன் அடுத்த அடி வைக்க மாட்டான், நொண்டிக்கொண்டே கடைக்கு வந்து திட்டுவான் என்பது அவருக்குத் தெரியும். கட்டைவிரலால் அந்த முனையை அழுத்திப் பார்த்தார். நன்றாகவே குத்தியது.

வீட்டுக்குப் போய், "காலைக் காட்டு" என்றார். மேசையைப் பிடித்துக்கொண்டு அம்மாள் காலைத் தூக்கினார். பாதத்தில் ஒரு குழி. ஓரம் வெளுத்து ஊறிப்போய், நடுவில் கருத்து.

"அட, இது எப்ப?" என்று அம்மாள் சிரித்தார். "பாருங்களேன், தெரியவே இல்ல."

இந்த இடத்தில் செந்தட்டியாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று எழுதினால் அவருக்கு அது கௌரவமாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். புரிந்தது; புரிந்ததன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். அன்று காலையில்தான் சலூன்காரர் புதிதாக மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மறுநாளும் வருவதாகச் சொல்லியிருந்தார். குழியைச் செந்தட்டித் தண்ணீரால் கழுவி, துணி கட்டி, "ரெண்டு நாள்ல ஆறிடும்" என்றார். ஆணியைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டார். செருப்பைத் தைத்துக் கொடுத்தார். தையல் மிக நன்றாக அமைந்தது.

இரண்டு நாளில் ஆறவில்லை. கட்டைவிரல் வீங்கியது, பக்கத்து விரல் கருத்தது. அம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. காலில் மட்டும் வலி இல்லை. வலி இல்லாததால் அம்மாள் நின்றுகொண்டே துணி தேய்த்தார். செந்தட்டியார் கடையில் வந்தவர்களிடம் முன்பைவிடச் சத்தமாகப் பேசினார்.

மழை விட்டதும் தங்கை வந்தாள். வாசலில் குடையைச் சாத்தியவள் உள்ளே வராமல் அப்படியே நின்றாள்.

"மாமா, வீட்டுல என்ன வாசனை?"

"மழைத் துணி காயல. அதுதான்."

"மழைத் துணி வாசனை எனக்குத் தெரியாதா? இது அது இல்ல. தினமும் ஆஸ்பத்திரியில இந்தச் சீழ்த் துணியைத்தான் மாமா நான் வெந்நீர்ல போட்டு அலசறேன்."

நேராகப் போய் அக்காவின் கால்கட்டை அவிழ்த்தாள். கட்டுத் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தாள்.

"கிளம்பு அக்கா."

"வேண்டாம்டி. அத்தனை பேருக்கு எடுத்துச் சொன்னவரு. நான் போய் அங்க நின்னா அவரு பேரு என்னாகறது?"

"பேரு போனா இன்னொண்ணு வெச்சுக்கலாம்."

செந்தட்டியார் எழுந்து உள்ளே போனார். பின்கட்டில் தண்ணீரில் நிறுத்தி வைத்திருந்த கொத்தையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு வந்தார். கையுறையை மாட்டிக்கொண்டு மண்டியிட்டார். மனைவியின் வலது பாதத்தில் மெதுவாக ஒரு அடி. பிறகு வேகமாக ஒன்று. பிறகு மிக வேகமாக. அவர் எதை எதிர்பார்த்தார் என்று கேட்டால், கத்த வேண்டும் என்று எதிர்பார்த்தார். நோயோ அம்மாளோ, யாராவது கத்தினால் போதும். அம்மாள் அவரைப் பாவமாகப் பார்த்தார்.

தங்கை குனிந்து, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அந்தக் கொத்தைப் பிடுங்கி, கையுறைக்கு மேலே தெரிந்த அவருடைய வெறும் புயத்தில் ஒரு போடு போட்டாள். இத்தனை வருஷத்தில் செந்தட்டி அவரை நேராகத் தொடுவது அது இரண்டாம் முறை. துள்ளி எழுந்துவிட்டார்.

"எரியுதா மாமா? அப்ப உங்களுக்குத்தான் நோய். எங்க அக்கா சுகமா இருக்கா. நீங்க வாங்க, உங்களை அட்மிட் பண்றேன்."

புயத்தில் கொப்புளம் கொப்புளமாகத் தடித்தது. செந்தட்டியார் அதைப் பார்த்தார். பிறகு அந்தக் கருத்த விரலைப் பார்த்தார். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டி கூப்பிட ஓடினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம்பெண் டாக்டர், மெல்லிய நைலான் இழை ஒன்றால் அம்மாளின் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, "தெரிஞ்சா சொல்லுங்க" என்றார். அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சையில் தோற்கக்கூடாது என்பவரைப் போலக் கவனமாக உட்கார்ந்திருந்தார். டாக்டர் எல்லா விரலையும் தொட்டு முடித்துவிட்டார். "இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?" என்று அம்மாள் கேட்டார்.

டாக்டர் செந்தட்டியாரைத் தனியாக அழைத்துச் சொன்னது சுருக்கமான விஷயம். ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கம். முதலில் நரம்பு தவிக்கும், அப்போது எரியும். பிறகு நரம்பு செத்துப்போகும், அப்போது எரியாது. எரியும்போதே வந்திருந்தால் வேறு பேச்சு. இப்போது விரல்களை எடுக்க வேண்டும். அழுகல் எங்கே நிற்கிறதோ அதுவரை எடுக்க வேண்டும். அது எங்கே என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

அம்மாளை உள்ளே கொண்டுபோனார்கள். தங்கை கூடப் போனாள். செந்தட்டியார் நடைகூடத்து பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே வருகிறவர்கள் போகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் பழக்கம். குதிகால் தேய்ந்தது, வார் மாற்ற வேண்டியது, பசை விட்டது. எல்லாருக்கும் விரல்கள் இருந்தன.

"ஐயா, நீங்க செந்தட்டி ஐயாதானே?"

நிமிர்ந்தார். முப்பது வயதுப் பெண். மார்க்கெட்டில் காய்கறி எடை போடுபவள். ஒரு முறை பை தைக்கக் கடைக்கு வந்திருந்தாள். தன் தங்கைக்குக் குழந்தை பிறந்திருப்பதாகவும், பார்க்க வந்ததாகவும் சொன்னாள்.

"உங்களை வந்து பார்க்கணும்னே இருந்தேன். எங்கப்பாவுக்கு ராத்திரியெல்லாம் பாதம் காந்தும், தூங்கவே மாட்டாரு. நீங்க சொன்ன மாதிரியே இலையால அடிச்சோம். முதல்ல என்னா கத்து கத்தினாரு தெரியுமா, பக்கத்து வீட்டுல எங்களைத்தான் தப்பா நினைச்சாங்க. இப்பப் பரிபூரண குணம் ஐயா. எவ்வளவு அடிச்சாலும் சிரிக்கிறாரு."

செந்தட்டியார் இதற்குத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தார். நடைகூடத்தில் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துக்கொண்டார். வெறுமனே ஒரு புன்னகை செய்திருந்தால் போதும். வாய் திறக்கக்கூட வேண்டியதில்லை.

"அப்பா வெறுங்காலோட நடப்பாரா?" என்று கேட்டார்.

"இப்பத்தான் நடக்கறாரே ஐயா. கல்லு முள்ளுன்னு ஒண்ணும் பார்க்கறதில்ல. வீட்டுக்குப் பின்னால தோட்டத்துல ராஜா மாதிரி நடக்கறாரு."

"உள்ளங்காலைக் கவிழ்த்துப் பார்த்தீங்களா?"

"எதுக்கு? அதான் குணமாயிடுச்சே."

"ஆகலம்மா."

சத்தமே இல்லாமல் சொன்னார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசுவார் என்று சலூன்காரர் சத்தியம் செய்தாலும் நம்பியிருக்க மாட்டார். அந்தப் பெண் காதைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"என் வீட்டம்மாவும் இப்படித்தான் குணமானா. உள்ள அவ விரலை எடுத்துட்டிருக்காங்க. எரியாம போச்சுன்னா நோய் போச்சுன்னு நான் சொன்னேன். அது தப்பு. எரியாததுதான் பயம். நீங்க வீட்டுக்குப் போய் அவரைக் கூட்டிட்டு வாங்க. நடக்க விடாதீங்க, வண்டியில ஏத்திட்டு வாங்க."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அவள் திரும்பி, படிகளில் இறங்கி ஓடினாள். நாற்காலியை இழுத்துப் போட்டவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். செந்தட்டியார் அவள் பின்னாலேயே வாசல் வரை போய் நின்றார்.

சிறிது நேரம் கழித்துத் தங்கை அவரைத் தேடிக்கொண்டு வந்தாள். அவள் வாயில் கிண்டல் எதுவும் இல்லை.

"விரலோட நிக்கல மாமா. பாதி பாதம் போயிடுச்சு. குதிகால் தப்பிச்சுது, கணுக்கால் தப்பிச்சுது. அக்கா முழிச்சிருக்கு. உங்களை எங்கேன்னு கேக்குது. உள்ள வாங்க."

செந்தட்டியார் தலையசைத்தார். ஆனால் வாசப்படியிலிருந்து நகரவில்லை. தெருமுனையில் திரும்புகிற ஒவ்வொரு வண்டிக்குள்ளும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரைப் பார்க்கறீங்க?"

"ஒரு பெரியவர் வரணும். அவரால இந்தப் படி ஏற முடியாது. தூக்கிட்டு வந்து டாக்டர்கிட்ட விட்டுட்டு வரேன். வேற யார் யாருக்குச் சொன்னேன்னு யோசிச்சுட்டிருக்கேன். அவகிட்டச் சொல்லு, வந்துடறேன்னு."